கதவுத் திரையும் மணமகளின் கையொப்பமும்



உங்கள் வீட்டு நடுவாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். விறாந்தையில் வந்து அமரும் விருந்தாளிக்கும் உள்ளே குசினியில் நிற்கும் உங்களுக்கும் இடையில் அந்தத் துணிதான் எல்லை. கடையில் காசு கொடுத்தவர் வாப்பாவாகவோ கணவராகவோ இருக்கலாம். ஆனால் அது பச்சையா நீலமா, பூப்போட்டதா கோடு போட்டதா, ஓரத்தில் நூல்வேலை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்தவர் நீங்கள். தலையணை உறையில் பூத் தைத்தவர் நீங்கள். மேசை விரிப்பைப் பின்னியவர் உங்கள் உம்மும்மா. ஆனாலும் 'இது கலை' என்று அதை யாரும் சொன்னதில்லை. 'பொம்பிளைகள் பொழுதுபோக்குக்குச் செய்வது' என்பார்கள்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை விளங்கும். நம்மவர்களில் பலர் தையற்காரர்கள். ஆண் கையில் ஊசி இருந்தால் அது தொழில்; அதற்குக் கூலி உண்டு, கடை உண்டு, பெயர்ப் பலகை உண்டு. அதே ஊசி வீட்டுக்குள் பெண் கையில் இருந்தால் அது பொழுதுபோக்கு! பனை ஓலை வேலையும் அப்படித்தான். குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும்படி பாயும் பெட்டியும் தடுக்கும் இழைக்கும் கைகளில் மிகுதியானவை பெண்களின் கைகள். நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களோ தோலைப் பதனிட்டுத் தைத்து, கிடைத்த வருமானத்தைத் தமது விருப்பப்படி தர்மம் செய்தார்கள். ஊசிக்கு ஆண் பெண் பேதம் அந்த வீட்டில் இருக்கவில்லை.

இந்த மாதம் நான் எழுத விரும்புவது வீட்டுக்குள் தொங்கும் துணியைப் பற்றித்தான். அத்துடன் பின்னிப் பிணைந்து நிற்கும் இன்னொன்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. அதுதான் சம்மதம். யாருடைய இடத்துக்குள் யார், யாரைக் கேட்டு நுழைவது என்ற கேள்வி.

அன்னை ஆயிஷாவின் திரை

ஒரு முறை நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பியபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் தமது அறையின் மாடம் ஒன்றை மறைத்து உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்களுக்கு அது பிடிக்கவில்லை; அதனை அகற்றினார்கள். இந்த இடம் வரைக்கும் பயான்களில் நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு. ஆயிஷா (ரழி) அந்தத் துணியை எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணைகளாகத் தைத்தார்கள். நபியவர்கள் அவற்றில் சாய்ந்து அமர்ந்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

உருவம் உள்ள துணியைத் தரையில் விரிக்கலாமா, தலையணைக்குப் பயன்படுத்தலாமா என்று இமாம்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். அந்தச் சட்ட ஆராய்ச்சி இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். நான் காட்ட விரும்புவது வேறு. அந்த அறைக்கு ஹதீஸ் நூல்களில் பெயரே 'ஆயிஷாவின் அறை' என்பதுதான். அதனை அலங்கரித்தவர் அவர். திரை கூடாது என்றானபோது, அந்தத் துணி இனி என்ன ஆக வேண்டும் என்று தீர்மானித்தவரும் அவரே. ஃபாத்திமா (ரழி) அவர்களின் வாசலிலும் இதைப் போல ஒன்று நடந்தது. வண்ணக் கோலங்கள் உள்ள திரையைக் கண்டு நபியவர்கள் உள்ளே வராமல் திரும்பிவிட்டார்கள். அலி (ரழி) காரணம் கேட்டு வந்து சொன்னதும், தந்தை என்ன செய்யச் சொல்கிறாரோ அதைச் செய்கிறேன் என்றார்கள் ஃபாத்திமா. தேவையுள்ள ஒரு வீட்டாருக்கு அதை அனுப்பிவிடும்படி பதில் வந்தது. மகள் வீட்டுத் திரை தமக்குப் பிடிக்காதபோதும் தந்தை கையை நீட்டிக் கிழிக்கவில்லை. வாசலோடு திரும்பினார், கேட்டபோது சொன்னார். நமது மாமிமார், மருமகள் தொங்கவிட்ட திரையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் விதத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும்!

திரை இல்லாத வாசலில்

அந்தக் காலத்து மதீனாவில் பல வீடுகளுக்குக் கதவுத் திரையே இருக்கவில்லை. அதனால்தான் நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். கோபிக்கக் கூடாது. அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வைக்காகத்தான் என்பதும் நபிமொழி. ஆக, திரை என்பது துணி மட்டுமல்ல. துணி இல்லாத இடத்தில் வந்தவரின் ஒழுக்கமே திரையாக நிற்க வேண்டும்.

அந்நூர் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். 27ஆவது வசனம் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல், ஸலாம் சொல்லாமல் நுழைவதைத் தடுக்கிறது. 58ஆவது வசனம் இன்னும் நுட்பமானது. அது சொந்த வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியது. பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும்: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். பெற்றோரின் அறைக்கும் ஒரு வாசல் உண்டு என்று சிறு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வசனம் இது. தன் தாயிடம் செல்வதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் நபியவர்களிடம் கேட்டதும், ஆம் என்று பதில் கிடைத்ததும் இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வளர்ந்த மகளின் அறைக்குள் நுழையும்போது அவளுடைய நானாவோ தம்பியோ கதவைத் தட்டுகிறார்களா? பெரும்பாலான வீடுகளில் மகளுக்குத்தான் சட்டம்: சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நிற்காதே, திரையை விலக்கிப் பார்க்காதே. திரையின் மறுபக்கத்தில் நிற்பவனுக்கு என்ன சட்டம் என்று கேட்டால் பதில் வராது. மத்ரஸாவில் இந்த வசனங்களைப் பாடம் நடத்தும்போது நான் கவனித்திருக்கிறேன்: அறைக்குள் போக அனுமதி கேட்பது தங்களுக்கும் கடமைதான் என்பது ஆண் பிள்ளைகளில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

சேலையே சுவரான காலம்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியை யாழ்ப்பாண முஸ்லிம்கள் மறக்க மாட்டார்கள். அன்று காலை ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். யார் சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை. அனுமதி கேட்காமல் வீட்டுக்குள் நுழைவதே ஹராம் என்றால், வீட்டுக்காரியையே வீட்டிலிருந்து வெளியேற்றுவதை என்னவென்று சொல்வது!

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகால் வேய்ந்த கொட்டில்களில் வாழ்ந்த சகோதரிகள் இதை வாசிப்பீர்கள். ஒரே கொட்டிலுக்குள் மாமனார், மருமகள், வயதுக்கு வந்த பிள்ளைகள். குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதில் பழைய சேலையைப் போட்டால் அதுதான் அறை. உடை மாற்றியதும் அதன் பின்னால். பிள்ளைக்குப் பாலூட்டியதும் அதன் பின்னால். சில வேளை பிள்ளை பிறந்ததும் அதன் பின்னால். கழிப்பறைக்கு இருட்டும் வரை காத்திருந்த வேதனையைப் பற்றி ஆண்கள் எழுதியது மிகக் குறைவு. அகதி வாழ்வின் வரலாறு என்றால் நிவாரண அரிசியின் கணக்கும் காணிப் பத்திரத்தின் கணக்கும்தான் எழுதப்படுகின்றன. அந்தச் சேலைச் சுவரை யார் கட்டினார்கள், யார் அதை மதித்தார்கள், யார் மதிக்கவில்லை என்பதும் வரலாறுதான்.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின்போதும் 2009இல் போர் முடிந்த பின்னரும் ஊர் பார்க்கப் போனவர்கள் கண்டது என்ன? கூரையில்லாத வீடுகள், கதவும் சன்னலும் கழற்றப்பட்ட ஓட்டைகள், முற்றத்தில் வளர்ந்த மரங்கள். திரை தொங்கிய கம்பிகூட இல்லை.

இழந்த வீட்டை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் ஒரு முயற்சி யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர்கள் விட்டு வந்த வீட்டின் வரைபடத்தைக் கையால் வரைந்து தரச் சொன்னார். அந்த வரைபடங்களும் அவற்றின் கதைகளும் அவருடைய ஓவியங்களும் 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் நூலாயின. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் தோம்பில் காணியின் அளவும் உடைமைக்காரனின் பெயரும் இருக்கும். கிணற்றடி எங்கே, உம்மா தொழும் இடம் எங்கே என்று இருக்காது. அது வீட்டில் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹேமா ஷிரோனி என்ற பெண் கலைஞர் ஊசியும் நூலும் கொண்டு துணியில் வீடுகளைத் தைக்கிறார். இடப்பெயர்வும் நினைவும் அவருடைய பொருள். வர்ணம் பூசாமல் ஏன் தையல்? தாயும் பாட்டியும் கையாண்ட கருவி அது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். அவருடைய துணிகள் இன்று கலைக்கூடங்களில் மாட்டப்படுகின்றன. உம்மும்மாவின் மேசை விரிப்பைப் 'பொழுதுபோக்கு' என்று சொன்ன வாய் இப்போது என்ன சொல்லுமோ!

பலஸ்தீனச் சகோதரிகளின் நூல்வேலையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடையின் மார்புப் பகுதியில் உள்ள கோலத்தைக் கொண்டே அணிந்தவள் எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்களாம். 1987இல் தொடங்கிய எழுச்சியின்போது, கொடி பிடிப்பது தடுக்கப்பட்டிருந்த நிலையில், பெண்கள் கொடியின் வர்ணங்களைத் தங்கள் ஆடைகளிலேயே தைத்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்தக் கலையை அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சவூதியின் அஸீர் பகுதியில் இன்னொரு வழக்கம் உண்டு, 'அல்கத்' என்பார்கள். வீட்டின் உட்சுவரில், முக்கியமாக விருந்தாளியை அமர்த்தும் அறையில், கோடுகளாலும் முக்கோணங்களாலும் பெண்கள் வண்ணம் தீட்டுவார்கள். வீட்டுக்காரி தன் உறவுப் பெண்களை, கிழவி முதல் சிறுமி வரை, உதவிக்கு அழைப்பாள். இதுவும் 2017இல் அதே பட்டியலில் இடம்பெற்றது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஆண் விருந்தாளிகள் அமரும் அறையின் சுவரும் பெண்ணின் கைக்கு உரியதாகவே இருந்திருக்கிறது. உருவம் இல்லை, வெறும் கோடுகள்தான். பார்க்கக் கண் கூசும் அழகு.

பள்ளிவாசலின் மூலையில்

இதை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். பெண்களைப் பள்ளிவாசல்களிலிருந்து தடுக்க வேண்டாம் என்பது தெளிவான நபிமொழி. பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயின் மனம் தவிக்குமே என்று நபியவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள் என்றால், தாய்மார் பிள்ளைகளுடன் அங்கே இருந்தார்கள் என்றுதானே பொருள்? அன்று ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னால் பெண்களின் வரிசை; இடையில் சுவர் இருக்கவில்லை. இன்று திரை போடுவதை நான் குறை சொல்லவில்லை. பெண்களில் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் பல ஊர்களில் பெண்களுக்கென ஒதுக்கிய மூலையைப் பாருங்கள். சாயம் போன துணி, பழுதான மின்விசிறி, முழங்கால் வலிக்காரிகள் ஏற முடியாத படிக்கட்டு. போரில் காலை இழந்தவர்கள் வாழும் மாகாணம் இது. படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை கட்ட எத்தனை மூட்டை சீமெந்து போகும்? திரையைத் தெரிவு செய்யும்போது அதன் பின்னால் நிற்கப் போகிறவர்களிடம் எந்த நிர்வாக சபையாவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

பாயில் நெய்த பெயர்

தமிழகத்தில் திருநெல்வேலிக்கு அருகே பத்தமடை என்று ஓர் ஊர். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, மெல்லிய இழைகளாக்கி, நூல் பாவில் நெய்யும் பாய் அங்கே பிரசித்தம். நெய்பவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். அவர்களில் பெண்கள் அதிகம். துணியைப் போல மடிக்கலாம் என்பதால் பட்டுப்பாய் என்றும் சொல்வார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்தால் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் சேர்த்தே நெய்து கொடுப்பார்கள்.

பாயில் மணமகளின் பெயர் இருக்கிறது. அழைப்பிதழில் இருக்கிறது. ஆனால் இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது, பதிவில் மணமகனும் மணமகளின் வலியும் கையொப்பம் இட வேண்டும் என்றே வைத்தார்கள். மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. அன்று பல பெண்களுக்கு எழுதத் தெரிந்திருக்காது என்று சமாதானம் சொல்லலாம். இன்று உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகிறாள். வங்கியில் கணக்குத் திறக்கக் கையொப்பம், கடவுச்சீட்டுக்குக் கையொப்பம், கல்யாணத்துக்கு மட்டும் வாப்பாவின் கையொப்பம்! நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு தனது அறிக்கையை 2018இல்தான் கையளித்தது. சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் மணமகளின் கையொப்பமும் தொடர்ந்து பேசப்பட்டு வந்த விஷயம்.

நம் ஊர் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். நிக்காஹ் நேரம். பள்ளியிலோ முன் மண்டபத்திலோ ஆண்கள் கூட்டம். வலியும் இரண்டு சாட்சிகளும் திரையை விலக்கி உள்ளே வருவார்கள். சோடித்த கட்டிலில் பெண் தலை குனிந்து இருப்பாள். சுற்றி முப்பது பெண்கள். இன்னாரை இவ்வளவு மஹருக்கு உனக்கு மணம் முடித்துத் தரச் சம்மதமா? வெளியே பிரியாணிச் சட்டி இறக்கியாயிற்று. அந்த இடத்தில் எந்தப் பெண் 'இல்லை' என்று சொல்வாள்?

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெட்கத்தால் பேசாதிருக்கும் பெண்ணைப் பற்றி ஆயிஷா (ரழி) கேட்டபோது வந்த பதில் அது. பயத்தால் பேசாதிருப்பவளின் மௌனத்துக்கு அதைப் போர்த்த முடியாது. ஷாபிஈ மத்ஹபில் தந்தைக்கும் பாட்டனாருக்கும் கன்னிப் பெண் விஷயத்தில் தனி அதிகாரம் சொல்லப்பட்டிருப்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே நூல்களில், தந்தைக்கும் மகளுக்கும் இடையில் பகை இருக்கக் கூடாது, மணமகன் பொருத்தமானவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும், அவளிடம் கேட்பது சுன்னத் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணம் முடித்துக் கொடுக்கவே முடியாது. கன்ஸா பின்த் கிதாம் (ரழி) முன்பு மணமாகியிருந்தவர். அவர் விரும்பாத ஒருவருக்குத் தந்தை மணம் முடித்துக் கொடுத்தார். அவர் நபியவர்களிடம் வந்தார். அந்தத் திருமணம் ரத்துச் செய்யப்பட்டது (புகாரி). இன்னொரு பெண் வந்தாள். முடிவு அவள் கையில் விடப்பட்டதும், தந்தை செய்ததை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இதில் தந்தைமார் தனித்து முடிவெடுக்க முடியாது என்பதைப் பெண்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே வந்தேன் என்ற கருத்தில் சொன்னாள் (நஸாஈ, இப்னு மாஜா). அவள் தனக்காக மட்டும் வரவில்லை, பார்த்தீர்களா?

ஆகவே உம்மாமாரே, மகளுக்குத் திரைத்துணியும் மெத்தை விரிப்பும் தெரிவு செய்யக் கடை கடையாக ஏறி இறங்கும் அந்த மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். கல்யாண நாளன்று அல்ல. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன். மாப்பிள்ளையின் படிப்பு, தொழில், அவர் எந்த ஊரில் குடியிருக்கப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாப்பா இல்லாத நேரத்தில், ராத்தாவோ சாச்சியோ அவள் மனம் விட்டுப் பேசும் யாரோ ஒருவர் அறைக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே போய்க் கேட்கட்டும். இல்லை என்றால் ஏன் என்று ஒரு முறை கேட்கலாம். அதற்கு மேல் அழுது காட்டுவது, இரத்த அழுத்த மாத்திரையைக் காட்டுவது, சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் வற்புறுத்தல்தான்.

அவள் ஆம் என்றால், அதைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதித் தரட்டும்: மணமகனின் பெயர், மஹரின் தொகை, தன் சம்மதம், திகதி, கையொப்பம், இரண்டு சாட்சிகளின் பெயர். இதைத் தடுக்கும் ஃபிக்ஹு நூல் எதையும் நான் படித்ததில்லை. இரண்டு பிரதிகள் எடுத்து ஒன்றைப் பதிவாளரிடம் கொடுங்கள். மற்றதை அவளுடைய பெட்டியில், தைத்து வைத்த தலையணை உறைகளுடன் வைத்துவிடுங்கள்.